கல்லும் அப்பமும்

லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் முதல் ஞாயிறு ஆராதனையில் பெரும்பாலும் ஒரே பகுதியைத்தான் வாசிப்பார்கள். இயேசு கிறிஸ்து வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்ததும், அங்கே பிசாசினால் சோதிக்கப்பட்டதும். மத்தேயு நாலாம் அதிகாரத்திலும் லூக்கா நாலாம் அதிகாரத்திலும் விரிவாக இருக்கிறது. மாற்கு இரண்டே வசனத்தில் முடித்துவிடுகிறார். அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பகுதியைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். வயது ஏற ஏற அது வேறு மாதிரி காதில் விழுகிறது. அதைத்தான் இன்றைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வனாந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஊர்ப்பக்கம் வராத பிள்ளைகள் மரம் அடர்ந்த காட்டை நினைத்துக்கொள்கிறார்கள். வனம் என்றால் காடுதானே என்று கேட்கிறார்கள். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்களான நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் குண்டாறு, தண்ணீர் வற்றி வெடித்த கண்மாய், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல், நடுவே கொஞ்சம் மிளகாயும் பருத்தியும் மக்காச்சோளமும். வானம் பார்த்த பூமி. யூதேயாவின் வனாந்தரமும் கிட்டத்தட்ட இப்படித்தான், கல்லும் வெயிலும் பசியும். பசித்தவனைச் சுற்றிலும் அங்கே கல்தான் கிடந்தது. அதனால்தான் சாத்தானுடைய முதல் பேச்சே கல்லைப் பற்றி இருந்தது.

சோதனை என்ற சொல்லும் நம் ஊரில் பலவிதமாகப் புழங்குகிறது. மழை பொய்த்துவிட்டால் "சாமி சோதிக்குதுப்பா" என்போம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தால் அதற்கும் ரத்தச் சோதனை என்று பேர். பாவம் செய்யச் சொல்லி மனசு இழுப்பதும் சோதனைதான். இது நம் மொழியின் குழப்பம் என்று நினைத்திருந்தேன். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் 'பெய்ராஸ்மோஸ்' என்ற ஒரே சொல்தான் பரீட்சைக்கும் பாவத் தூண்டுதலுக்கும் வருகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நினைத்துப் பார்த்தால் அது பொருத்தம்தான். மழை பொய்த்த வருஷம் ஒருவனைப் பரீட்சை பார்க்கிறது. அதே வருஷம்தான் அடுத்தவன் களத்தில் கிடக்கும் மூட்டையையும் அவன் கண்ணில் காட்டுகிறது. நிலைமை ஒன்றுதான், அதில் மனிதன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதுதான் கேள்வி.

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் சோதனையைப் பற்றி வரும் விண்ணப்பத்தைச் சொல்லும்போது பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். தேவனே நம்மைச் சோதனைக்குள் கொண்டுபோவாரா? யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் தேவன் ஒருவரையும் பாவத்துக்கு இழுப்பதில்லை என்று திட்டமாக எழுதுகிறார். அவரவர் சொந்த இச்சைதான் இழுத்துக்கொண்டு போகிறது என்கிறார். இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் 2017 டிசம்பரில் தங்கள் ஜெபத்தின் அந்த வரியையே, சோதனைக்குள் நாங்கள் நுழைய விடாதேயும் என்ற பொருள் வருமாறு மாற்றிக்கொண்டார்கள். போப் பிரான்சிஸ் அதை வரவேற்றுப் பேசினார். விழத் தள்ளுகிறவர் தகப்பன் அல்ல, விழுந்தால் தூக்கி நிறுத்துகிறவரே தகப்பன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இனி அந்த மூன்று சோதனைகளுக்கு வருகிறேன்.

முதலாவது அப்பம். சோதனை என்றதும் நாம் சாராயத்தையும் சீட்டாட்டத்தையும் பெண்ணாசையையும்தான் நினைக்கிறோம். பிரசங்கங்களிலும் அவைதான் வருகின்றன. ஆனால் இயேசுவுக்கு முன்னால் முதலில் வைக்கப்பட்டது சோறு. நாற்பது நாள் பசித்தவர் சாப்பிடுவது பாவமா? இல்லை. அதனால்தான் அது சோதனை. கெட்டது கெட்டதாகவே வந்தால் பாதிப்பேர் தப்பித்துவிடுவோம். அது நியாயமாக, தேவையாக, கணக்குச் சரியாக வருகிறது.

நான் கூட்டுறவுச் சங்கத்து ரேஷன் கடைகளில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பமும் கல்லும் எனக்கு வெறும் வேதாகமச் சொற்கள் அல்ல. தராசின் ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் அரிசி. அரிசி கிலோ மூன்றரை ரூபாய்க்கு விற்ற காலம். கிட்டங்கியிலிருந்து வரும் சிப்பம் ஐம்பது கிலோ என்றுதான் ரசீதில் இருக்கும். இறக்கி நிறுத்துப் பார்த்தால் பல சமயம் ஒன்று, ஒன்றரை கிலோ குறையும். ஓட்டைச் சாக்கில் சிந்தியது, எலி தின்றது எல்லாம் தனி. மாசக் கடைசியில் இருப்பு குறைந்தால் விற்பனையாளர் கைக்காசு கட்ட வேண்டும். சம்பளமோ அப்படி ஒன்றும் பெரிதல்ல.

இதற்குத் தொழிலில் ஒரு வழி வைத்திருந்தார்கள். இருபது கிலோ வாங்குகிற கார்டுக்கு இருநூறு கிராம் குறைத்துப் போடுவது. வாங்குகிறவருக்குத் தெரியாது. அறுநூறு கார்டு உள்ள கடையில் அது மாசம் 120 கிலோ, இரண்டு சிப்பத்துக்கும் மேல். குறைவு போக மிச்சமும் நிற்கும். எனக்கு மூத்தவர் ஒருவர், கெட்ட மனிதர் அல்ல, தோளில் கைபோட்டுச் சொன்னார்: "தம்பி, இது திருட்டு இல்லப்பா. மேல அவன் நமக்குக் கொறைக்கிறான், நம்ம கீழ கொறைக்கிறோம். கணக்கு சரியாப் போச்சுல்ல. நீ என்ன வீட்டுல இருந்தா கொண்டாந்து போட முடியும்?"

அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட மிரட்டல் இல்லை. நியாயம்தான் இருந்தது. கல்லை அப்பமாக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. கல்லைக் கொஞ்சம் மாற்றினால் போதும், நம் வீட்டுக்கு அப்பம் வந்துவிடும்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சொன்னேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏங்க, அந்த எரநூறு கிராம் யாரு வீட்டு ஒலையில கொறையும்?" கரிமூட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள், மிளகாய்ப் பழம் பொறுக்கப் போகிறவர்கள், தனியாக இருக்கிற கிழவிகள். ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கிறவர்கள் அவர்கள்தான். வசதியானவர்கள் அந்த அரிசியைக் கோழிக்குப் போடுவார்கள். ஆக மேலே குறைத்தவன் எவனோ, கீழே குறைவது எப்போதும் ஏழை உலையில்தான்.

நான் செய்தது இரண்டு காரியம். எடைக்கல்லையும் தராசையும் மேசைக்கு முன்பக்கம், சனங்கள் கண்ணில் படும்படி வைத்தேன். என் நல்ல குணத்தை நான் நம்பவில்லை, பத்துப் பேர் கண்ணை நம்பினேன். அடுத்தது, கிட்டங்கியிலேயே சிப்பத்தை நிறுத்துத் தந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நின்றேன். இரண்டு மாசம் தந்தார்கள். மூன்றாம் மாசம் என்னைத் தொலைவில் ஒரு சின்னக் கடைக்கு மாற்றிவிட்டார்கள். சைக்கிளில் போய் வந்தேன். குறைந்ததைக் கைக்காசில் கட்டினோம். மனைவியின் தோடு மூன்று வருஷம் அடகில் இருந்தது. சோதனையை ஜெயித்தால் உடனே ஆசீர்வாதம் வரும் என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு வந்தது மாற்றல் உத்தரவு. அதையும் சொல்லிவிடுவது நல்லது.

நம் ஊர் திருச்சுழி என்றால் உலகத்தில் பலருக்கும் நினைவு வருவது ரமண மகரிஷி. 1879 டிசம்பர் 30ஆம் தேதி இங்கே பிறந்தவர். அப்போது பேர் வேங்கடராமன். மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். நம் பக்கத்து மண்டபசாலையில் சபையும் பள்ளியும் நடத்திய அதே மிஷன்தான் அது. 1896 ஆகஸ்ட் 29ஆம் தேதி வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது அவர் கையில் அண்ணனுடைய கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாய் இருந்தது. ரயில் செலவுக்கு வேண்டும் என்று மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் அந்தச் சீட்டில் எழுதியிருந்தார். அண்ணன் காசை எடுத்தது சரியா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் மனசில் நிற்பது மிச்சம் வைத்த அந்த இரண்டு ரூபாயும், மறைக்காமல் எழுதிய சீட்டும். பதினாறு வயசுப் பையன், திரும்பி வரப்போவதில்லை, ஐந்தையும் எடுத்திருந்தாலும் கேட்பாரில்லை. தேவைக்கும் ஆசைக்கும் நடுவே ஒரு கோடு போட முடியும் என்பதை அவர் நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். கிறிஸ்தவன் அதைச் சொல்லிப் பாராட்டுவதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

அப்பச் சோதனை தனி மனிதனுக்கு மட்டும் வருவதில்லை, சபைக்கும் வரும். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சுடுகாடாக்கிய பஞ்சம். ஐம்பது லட்சத்துக்கு மேல் செத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆண்களுக்கு ஒரு கட்டத்தில் அரசாங்கம் நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும்தான் கொடுத்தது. அந்த நேரத்தில் மிஷனரிகள் கையில் தானியமும் வேலையும் இருந்தன. பசித்த சனங்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். சோற்றைக் காட்டி ஆள் சேர்ப்பது எவ்வளவு சுலபம்!

ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி ஜான் கிளவ் என்பவர் அப்போது பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். ஆனால் பஞ்சம் நடந்த பதினைந்து மாதமும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். வயிற்றுக்காக வருகிறார்களா, விசுவாசத்துக்காக வருகிறார்களா என்று தெரியாத காலத்தில் கொடுக்க மாட்டேன் என்றார். பஞ்சம் தணிந்து, உதவியும் நின்ற பிறகும் சனங்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்த எண்ணைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒருவருக்கும் கொடுக்காத அந்தப் பதினைந்து மாதம்.

இரண்டாவது சோதனை தேவாலயத்தின் உச்சி. மேலேயிருந்து குதி, தேவதூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொல்கிறான். இங்கே கவனிக்க வேண்டியது, அவன் வேத வசனத்தை எடுத்துச் சொல்கிறான். 91ஆம் சங்கீதம். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுக்கிற சங்கீதம்! வசனம் தெரிந்தவனிடம் சோதனை வசனத்தோடுதான் வரும்.

என் அக்காவுக்கு ஐம்பது வயசில் சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரையும் கேழ்வரகுக் களியுமாகப் பத்து வருஷம் கட்டுக்குள் வைத்திருந்தாள். ஒருமுறை வெளியூரில் நடந்த குணமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்தாள். பிரசங்கியார் அங்கே, விசுவாசம் இருக்கிறவர்கள் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவை அடுப்பில் போட்டுவிட்டாள். நான் போய்க் கெஞ்சினேன்.

"அக்கா, டாக்டரும் ஆண்டவரு குடுத்தவருதான். மாத்திரையப் போட்டுக்கிட்டே ஜெபம் பண்ணேன்."

"ஒனக்கு விசுவாசம் பத்தாதுடா தம்பி. கர்த்தர் பாத்துக்கிருவாரு."

ஏழு மாசத்தில் கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண் வந்தது. கருவ முள் குத்தியது என்று மஞ்சள் பத்துப் போட்டாள். கடைசியில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு விரலை எடுத்த பிறகுதான் காலைக் காப்பாற்ற முடிந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் ஆண்டவரத்தானடா நம்புனேன், அது தப்பா?"

அவளுக்கு அன்றைக்கு நான் பிரசங்கம் பண்ணவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, தப்பில்லைக்கா என்றேன். நம்பியது தப்பே இல்லை. அந்த நம்பிக்கையை எடுத்துக் கோபுரத்து உச்சியில் நிறுத்தி, குதி என்று சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவர் அடுத்த ஊருக்குக் கூட்டம் நடத்தப் போய்விட்டார். இயேசு அந்த உச்சியில் சொன்ன பதில், தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்ற கட்டளை. படியிருக்கும்போது குதிப்பது விசுவாசம் ஆகாது. மருந்து படி. அதில் இறங்கி வருவதற்கும் விசுவாசம் வேண்டும். அக்கா இன்றைக்கும் இருக்கிறாள். காலை ஜெபம் முடிந்ததும் மாத்திரை போடுகிறாள், இரண்டையும் ஒரே பாயில் உட்கார்ந்து.

மூன்றாவது, உலகத்தின் ராஜ்யங்களும் அவற்றின் மகிமையும். ஒரே ஒரு தடவை விழுந்து பணிந்தால் போதும், எல்லாம் உனக்கு. லூக்கா இதை இரண்டாவதாக வைத்துக் கோபுரத்தைக் கடைசியில் வைக்கிறார். எனக்கு மத்தேயுவின் வரிசைதான் சரியாகப் படுகிறது. பசி தீர்ந்து, பக்தியும் சோதிக்கப்பட்ட பிறகு கடைசியில் வருவது குனியச் சொல்கிற சோதனை.

நம்முடைய பழைய ராமநாதபுரம் சீமையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அருளானந்தர் என்று நாம் சொல்கிற ஜான் டி பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு கூடவே வளர்ந்தவர். எல்லாவற்றையும் விட்டு மறவர் சீமைக்கு வந்தார். 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். சேதுபதி கடைசியில், இனி என் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார். அதன்பின் சபையார் அவரை ஐரோப்பாவுக்கு ஒரு வேலையாக அனுப்பினார்கள். கூட வளர்ந்த பேதுரு அப்போது போர்ச்சுகலின் ராஜா. இங்கேயே இரு, என் மகனுக்கு ஆசிரியராக இரு என்று நிறுத்திவைக்கப் பார்த்தார். மரியாதையான வேலை. பாவம் ஒன்றுமில்லை. வயசும் நாற்பதைத் தாண்டிவிட்டது. பட்ட அடி போதும் என்று யார் வேண்டுமானாலும் இருந்திருப்பார்கள். அவர் 1690இல் இந்தியாவுக்குத் திரும்பினார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. அந்தச் செம்மண்ணை இன்றைக்கும் எல்லாச் சாதி மதத்தாரும் அள்ளி நெற்றியில் வைக்கிறார்கள். மறவர் நாட்டு வெட்டரிவாள் அவருக்கு வந்த பெரிய சோதனை என்று நினைத்திருந்தேன். இப்போது லிஸ்பன் அரண்மனைதான் பெரிதாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

நம்மிடம் ராஜ்யம் தருகிறேன் என்று யாரும் வரப்போவதில்லை. நமக்கு அது வேறு உருவத்தில் வரும். போன வருஷம் என் தம்பி வந்தான். அவன் மகள் நர்ஸிங் முடித்தவள், நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. அரசாங்க வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் நாலு லட்சம் கேட்டிருக்கிறார். மேலே கொடுக்க வேண்டுமாம். எங்கள் பூர்வீகத்தில் எனக்கு வந்த நிலத்தை விற்ற பணம் என்னிடம் இருந்தது தம்பிக்குத் தெரியும்.

"கடனாத்தான் கேக்குறேன். அவ சம்பளத்துல ரெண்டு வருசத்துல அடச்சிருவா."

அது முடியாதுப்பா என்றேன். படிக்க வைப்பதற்குக் கேள், கல்யாணத்துக்குக் கேள், தருகிறேன், இதற்கு முடியாது என்றேன். தம்பி சொன்ன பதில் இன்னும் காதிலேயே நிற்கிறது.

"நீங்க குனிய வேண்டாம்ணே. நாங்க குனிஞ்சுக்கிறோம். பணத்த மட்டும் குடுங்க."

சுருக்கென்றது. அவன் என்னைவிடக் கெட்டவன் இல்லை. மகள் வாழ்க்கை நன்றாக இருக்க வேண்டும் என்ற தகப்பன். நான் மறுக்கும்போது விலை கொடுப்பது நான் அல்ல, அந்தப் பிள்ளை. ரேஷன் கடையில் என் வீட்டுத் தோடு அடகுக்குப் போனது, அது என் பாடு. இது அடுத்தவர் பிள்ளையின் பாடு. இந்த வித்தியாசம் என்னைப் பல ராத்திரி தூங்கவிடவில்லை. ஆனாலும் மறுபக்கம் ஒரு முகம் தெரியாத பிள்ளை இருக்கிறாளே. நாலு லட்சம் கொடுக்க முடியாத ஏதோ ஒரு கரிசல்காட்டுக் கூலிக்காரன் மகள், நம் பிள்ளையைவிட நாலு மார்க் கூட வாங்கியவள். அந்த இடம் அவளுடையது. இருநூறு கிராம் யார் உலையில் குறையும் என்று அன்றைக்கு என் மனைவி கேட்டாளே, அதே கேள்விதான் இதுவும்.

அந்த ஆள் ஏமாற்றுக்காரராக இருந்து பணம் போயிருந்தால் கதை சொல்ல வசதியாக இருக்கும். அப்படி ஒன்றும் எனக்குத் தெரியாது. உண்மையிலேயே வேலை வாங்கிக் கொடுத்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், என் பதில் அதுதான். பிள்ளை இப்போது மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குறைந்த சம்பளத்துக்குப் போகிறாள். தேர்வுக்குப் படிக்கிறாள், புத்தகமும் பயிற்சிக் கட்டணமும் நான்தான் அனுப்புகிறேன். அவள் போன் பண்ணுகிறாள். தம்பி இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்மஸுக்கும் வரவில்லை.

சரி, சோதனையை எப்படி எதிர்க்கிறது? இயேசு சொன்ன மூன்று பதிலும் உபாகமம் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்த சனங்களுக்கு மோசே சொன்ன வார்த்தைகள் அவை. வறண்ட பூமியில் நடந்தவர்களின் அனுபவத்தை, வறண்ட பூமியில் நின்றவர் எடுத்துப் பயன்படுத்தினார். மூன்றும் சின்னப் பதில்கள். ஏவாள் பாம்போடு உட்கார்ந்து பேசினாள், தேவன் சொல்லாததையும் கூட்டிச் சொன்னாள். இயேசு பேச்சை வளர்க்கவில்லை. முன்கூட்டியே மனசில் இருந்த பதிலைச் சொல்லி முடித்துக்கொண்டார். பதிலைச் சோதனை வந்த பிறகு தேடக்கூடாது என்பது இதில் நான் கற்றது. போத்திபாரின் வீட்டில் யோசேப்பு வாதாடிக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். ஓட வேண்டிய இடத்தில் ஓடுவது கோழைத்தனம் அல்ல.

நம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கருவ விறகை அடுக்கி, தழை போட்டு, மண்ணால் மூடி, உள்ளே நெருப்பைக் கனிய விட்டு, ராத்திரி பகல் காவல் இருப்பார்கள். மண்ணில் எங்கேயாவது ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் உடனே மண்ணை அள்ளி அடைத்துவிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் மூட்டம் பற்றிக்கொள்ளும், கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பெறும் என்று யாக்கோபு படிப்படியாகச் சொல்வதும் இதுதான். ஓட்டை சின்னதாக இருக்கும்போது ஒரு கை மண் போதும்.

இன்னொன்று, தனியாக இருக்கக் கூடாது. நான் மனைவியிடம் சொன்னேன், தராசை வெளியே வைத்தேன். பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, மனிதருக்குப் பொதுவாக வராத சோதனை எதுவும் உங்களுக்கு வந்துவிடவில்லை என்ற கருத்தில் ஆறுதல் சொல்கிறார். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வைப்பதே சாத்தானுடைய பாதி வேலை. பேதுரு மூன்று தரம் மறுதலித்தது அந்நியர் நடுவே தனியாகக் குளிர்காய்ந்தபோதுதான். விழுந்த அவரையும் ஆண்டவர் தேடிப்போய் எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தவர்களுக்கு இந்தப் போதனையில் இடமே இல்லாமல் போய்விடும்.

ஓய்வு பெற்றாயிற்று, இனி என்ன சோதனை என்று நம் வயசுக்காரர்கள் நினைக்கலாம். லூக்கா, பிசாசு சில காலம் மட்டும் அவரைவிட்டு விலகிப்போனான் என்று எழுதுகிறார். நமக்கு வருவது வேறு விதம். சொத்தைப் பிரிக்கும்போது ஒரு பிள்ளைக்குச் சாய்வது. செல்போனில் வந்த அவதூறை நிஜமா என்று பார்க்காமல் நாலு பேருக்கு அனுப்புவது. அந்தக் காலம் போல உண்டா என்று இளசுகளைக் கரித்துக்கொட்டுவது. எல்லாவற்றையும்விட மோசமானது, நான் கை சுத்தமானவன் என்ற நினைப்பு. தேவாலயத்தில் நின்று அந்த வரி வசூலிக்கிறவனைப் போல நான் இல்லை என்று ஜெபித்த பரிசேயன் பெரிய பாவம் எதுவும் செய்தவன் அல்ல. எல்லாச் சோதனையையும் ஜெயித்தவன்தான்! தம்பி வரவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் இந்தப் பரிசேயன் எனக்குள் எட்டிப் பார்க்கிறான். அவனுக்கும் ஒரு கை மண் அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. அதனால் இந்த ஈஸ்டருக்கு நானே தம்பி வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். பணம் தரமாட்டேன் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அண்ணன் போகக் கூடாது என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை.

மத்தேயு அந்தப் பகுதியை முடிக்கும்போது, பிசாசு போன பிறகு தேவதூதர்கள் வந்து அவருக்குப் பணிவிடை செய்தார்கள் என்கிறார். அதுவரைக்கும் பசி பசியாகத்தான் இருந்தது. இந்த லெந்து நாட்களில் முடிந்தால் மத்தேயு நாலாம் அதிகாரத்தையும் உபாகமம் எட்டாம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள். வனாந்தரம் என்றால் என்ன என்று அவர்கள் கேட்டால், குண்டாற்றுப் பக்கம் ஒரு நடை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.